அமைதி என்று எழுதிய ஆறு வெள்ளிக்கிழமைகள்

பேனாவின் மூடியைக் கழற்றி, பதிவேட்டில் சுலோசனாவின் பெயருக்கு நேரே ‘அமைதி’ என்று எழுதப் போனேன். பச்சையம்மா தன் உள்ளங்கையை அந்தக் கட்டத்தின் மேல் வைத்து மறைத்துவிட்டாள்.

கைதிகள் பதிவேட்டைத் தொடக் கூடாது என்பது விதி. வார்டர் அம்மாள் அந்தச் சமயம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“இன்னா எயுதப் போற டீச்சரம்மா?”

“அமைதின்னு.”

“போன வாரம் இன்னா எயுதின?”

“அமைதி.”

“அதுக்கு மிந்தி?”

ஆறு வாரமாக அதையேதான் எழுதியிருக்கிறேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

பச்சையம்மா குரலைத் தாழ்த்தினாள். “நானு சாராய ஊறல் போட்டவ. வெல்லமும் பட்டையும் போட்டு, பானைய மூடி மண்ணுல பொதச்சா, ரெண்டு மூணு நாளு அது பொங்கிகினு, கொணகொணன்னு பேசிகினே கெடக்கும். அப்போ பயமில்ல. ஒரு நாளு காத வெச்சிக் கேட்டா சத்தமே இருக்காது. அன்னிக்கித்தான் ரெடின்னு அர்த்தம். அடுப்புல ஏத்திடலாம். இவ சத்தம் நின்னு எத்தினி நாளாச்சி, பாத்தியா?”

நான் சுவரோரம் பார்த்தேன். சுலோசனா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என் வகுப்பில் அவ்வளவு ஒழுங்காக உட்காருகிறவள் அவள் ஒருத்திதான்.

படித்த பெண் சும்மா இருக்கலாமா

சென்ற வாரம் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றி நான் எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், ‘இவ்வளவு பயப்படுகிற நீங்கள் எப்படி வீட்டை விட்டு வெளியே போய் வருகிறீர்கள்?’ என்று கேட்டிருக்கிறார். அவருக்கு ஒரு செய்தி. நான் சிறைக்கே போய் வந்தவள். வாரம் ஒரு முறை, இடுப்பில் கைக்குழந்தையோடு.

எந்த ஊர்ச் சிறை என்று எழுதப் போவதில்லை. ஆவடியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம் என்பது போதும். சிறிய சிறை. பெண்கள் பகுதியில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் சாராய வழக்குகள்.

என் கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே ஒரு மாதர் மன்றம். மன்றத்தின் தலைவி பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி. ஒரு நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, “டீச்சர் டிரெயினிங் முடிச்ச பொண்ணு. வீட்ல சும்மாதானே இருக்கே?” என்றார்.

நான் அப்போது ஒரு கையால் குழந்தையைத் தட்டிக்கொண்டு, இன்னொரு கையால் பால் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். சும்மா இல்லை என்று சொல்லியிருக்கலாம். “ஆமாம்மா” என்றேன்.

மன்றம் அந்த ஆண்டு கைதிகளின் மனத்தைச் சீர்திருத்துவது என்று தீர்மானித்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மரம் நட்டார்கள்.

குழந்தையை விட்டுப் போக ஆள் இல்லை. முதல் நாள் சிறை வாசலில் இருந்த எழுத்தர் என்னையும் வசந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். கைதியின் குழந்தை உள்ளே வருவதற்கு விதி இருந்தது. டீச்சரின் குழந்தைக்கு இல்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு, உள்ளே கொண்டுபோகும் பொருட்களின் பட்டியலில், சிலேட்டு, நூல்கண்டு, ஊசி இவற்றுக்குக் கீழே ‘குழந்தை – 1’ என்று எழுதிக்கொண்டார். திரும்பும்போது ஊசிகளை எண்ணினார். பிறகு குழந்தையையும் சரிபார்த்தார்.

நல்லெண்ணப் பயிற்சி

எங்கள் திட்டத்தில் மூன்று பாகங்கள். எழுத்து, தையல், நல்லெண்ணப் பயிற்சி.

தையலில் முதல் பாடம், துணியில் ‘நல்வரவு’ என்று பூப்போட்டுத் தைப்பது. அந்த வருடம் எங்கள் குவார்ட்டர்ஸில் பல வீட்டு வாசல்களில் அந்தத் துணிகள் தொங்கின. வெளியே போக முடியாத பெண்கள், உள்ளே வாருங்கள் என்று மற்றவர்களுக்காகத் தைத்துத் தந்தவை. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. விருந்தாளிகள் மிகவும் மெச்சினார்கள்.

நல்லெண்ணப் பயிற்சியில் ஒவ்வொருத்தியும் எழுந்து, வெளியே போனதும் செய்யப்போகும் ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளானூர் பச்சையம்மா முதல் நாளே எழுந்தாள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். சாராய வழக்கில் மூன்றாவது முறையாக வந்திருந்தாள்.

“நானு வெளிய போனதும், போலீசு வர்ற நேரத்தத் தெரிஞ்சிகினுதான் அடுப்பு மூட்டுவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கக் கூடாதென்று குழந்தையின் சட்டையைச் சரிசெய்தேன்.

“பச்சையம்மா, திருந்துறதப் பத்திச் சொல்லுங்க” என்றேன்.

“இன்னாத்தத் திருந்தறது? மொதல்ல சாராயம் குத்தம்னாங்க. புட்சி உள்ள போட்டாங்க. நடுவுல கவருமெண்டே கடை தொறந்து வித்துச்சி. அப்போ அது யாவாரம். இப்போ கடைய மூடிட்டாங்க, மறுபடி குத்தம். நானு அதே பானைய வெச்சிகினு அதே எடத்துலதான் குந்திகினு கீறேன். அவுங்க மொதல்ல ஒரு முடிவுக்கு வரட்டும் டீச்சரம்மா, அப்பால நானு திருந்தறேன்.”

நான் பயிற்சிப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

வகுப்பு முடிந்ததும் பதிவேடு. அதில் ‘மனநிலை’ என்று ஒரு கட்டம். ஒவ்வொருத்தியின் பெயருக்கு நேரேயும் ஒரே ஒரு சொல் எழுத வேண்டும். மகிழ்ச்சி, வருத்தம், கோபம், அமைதி ஆகிய நான்கில் ஒன்று.

தலைவி எனக்கு முன்கூட்டியே விளக்கியிருந்தார். “மகிழ்ச்சின்னு எழுதாதே. ஜெயில்ல என்ன மகிழ்ச்சின்னு கேப்பாங்க. கோபம்னு எழுதினா ஆபீசர் வரைக்கும் போகும். வருத்தம் ஒண்ணு ரெண்டு இருக்கலாம், தப்பில்லே.”

மிச்சமிருந்தது அமைதி. மற்றவர்களுக்கு அதையும் இடையிடையே வருத்தத்தையும் மாற்றி மாற்றி எழுதினேன். பச்சையம்மாவுக்கு மட்டும் ‘அமைதி’ என்று எழுத என் மனச்சாட்சி இடம் தரவில்லை. அவள் பெயருக்கு நேரே வாரம் தவறாமல் ‘கோபம்’ என்று எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து, எழுதியிருக்க வேண்டாமோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன். சுலோசனாவைப் பற்றி அப்படி யோசித்ததே இல்லை. அவள் பெயருக்கு நேரே எழுதுவதுதான் எனக்கு மிகச் சுலபம்.

சுலோசனா

அவள் வேப்பம்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். என் வயதுதான் இருக்கும். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம், பருத்திப்பட்டில் தாய்வீட்டுக்கு வந்திருந்தவள், ஒரு காலையில் ஏரிக்குள் இறங்கி நடந்திருக்கிறாள். மாடு கழுவ வந்தவர்கள் இழுத்துக் கரையில் போட்டார்கள். போலீஸ் வந்தது. சாக முயன்றது குற்றம். நீதிமன்றத்தில் கேட்டதற்கெல்லாம் தலையசைத்தாள். மூன்று மாதம்.

முழுவதும் செத்திருந்தால் தண்டனை இல்லை. பிழைத்ததற்குத்தான். வாழப் பிடிக்காதவளை, வாழ்க்கை இதைவிட மோசமாக இருக்கும் ஓர் இடத்தில் வைத்துத் திருத்துவது என்று ஏற்பாடு.

குழந்தையை அவள் கணவனின் அக்கா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பால் குடிக்கும் குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம் என்று விதி உண்டு. யாரும் கேட்கவில்லை. ஏரியில் இறங்கியவளிடம் யார் குழந்தையைக் கொடுப்பார்கள்?

நானும் கொடுக்கவில்லை. இதை எழுத ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

மூன்றாவது வாரம் என்று நினைவு. வசந்தி தவழ்ந்து தவழ்ந்து போவாள். பச்சையம்மாவின் மடியில் ஏறி, அவள் காதுத் தொங்கலைப் பிடித்து இழுப்பாள். மூன்று முறை தண்டனை பெற்றவளிடம் என் குழந்தையை விட எனக்குப் பயமே வந்ததில்லை. அன்று வசந்தி சுலோசனாவின் பக்கம் போனாள். அவள் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றாள். சுலோசனாவின் கைகள் மெதுவாக உயர்ந்தன.

நான் சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வசந்தியைத் தூக்கிக்கொண்டேன். “ஈரம் பண்ணிடுவா” என்று எதையோ சொன்னேன்.

சுலோசனா உயர்ந்த கைகளை அப்படியே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். அதன் பிறகு, நான் உள்ளே நுழைந்ததும் கைகள் பின்னால் போய்விடும்.

அன்றும் பதிவேட்டில் ‘அமைதி’ என்றுதான் எழுதினேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வசந்தி பிறந்து சில மாதங்கள் நானும் அதிகம் பேசாமல்தான் இருந்தேன். குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு, முகம் கழுவி வந்து தோசை வார்ப்பேன். எங்கள் வீட்டில் அதற்கு, ‘பொறுப்பு வந்துவிட்டது’ என்று பெயர். என் அம்மாவே எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

நிரப்பாத கட்டம்

அந்த ஏழாவது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பச்சையம்மா கையை எடுக்கவில்லை.

“சீப்பக் குட்த்துட்டா. சோப்பக் குட்த்துட்டா. நல்ல ரவிக்க ஒண்ணு வெச்சிருந்தா, அத்த மடிச்சி அந்தக் கெயவிக்குக் குட்த்துட்டா. சோத்துல பாதி பூனைக்கி. ஊருக்குப் போறவ மாதிரி எல்லாத்தையும் ஒயிச்சிகினு கீறா. ஊருக்குத்தான் போறாளா?”

நான் பேனாவை மூடினேன். ஏனென்றால் அவள் உண்மையிலேயே ஊருக்குப் போகவிருந்தாள். ஆகஸ்டு மாதக் கொடியேற்று விழாவில், திருந்திய பெண் ஒருத்தியைத் தண்டனை முடியும் முன்பே விடுவிப்பது என்று ஏற்பாடாகியிருந்தது. யார் அந்தத் திருந்திய பெண் என்று முடிவு செய்வதற்கு ஆதாரம் என் பதிவேடு. அதில் ஆறு வாரமும் ‘அமைதி’ என்று இருந்தது ஒரே ஒருத்திக்குத்தான்.

“டாக்டர்கிட்ட சொல்லலாமே” என்றேன்.

“வந்தாரே. கை புட்சிப் பாத்தாரு. சொரம் இல்லன்னாரு. பூட்டாரு.”

“மனசு சரியில்லன்னு நான் எழுதினா?”

“எயுதேன். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு பூடுவாங்கோ. அப்பால அவ நாத்தனா ஜென்மத்துக்கும் கொயந்தையக் கண்ணுல காட்டமாட்டா. வெளிய உட்டாலோ, அதே ஊடு, அதே ஏரி. இங்கன்னா நாங்க கீறோம். ராவுல ஒருத்தி மாத்தி ஒருத்தி முயிச்சிகினு கீறோம். இவ இங்கியே கொஞ்ச நாளு இருக்கட்டும் டீச்சரம்மா. கோபம்னு எயுது. லிஸ்டுல பேர அட்ச்சிடுவாங்கோ.”

ஒரு பெண்ணைச் சிறையிலேயே வைத்திருக்கும்படி இன்னொரு கைதி என்னிடம் மனுப் போட்டாள். அதற்கு நான் பொய் எழுத வேண்டும்.

நான் பொய் எழுதவில்லை. உண்மையும் எழுதவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்று வார்டர் அம்மாளிடம் சொன்னேன். எல்லா விஷயத்திலும் நான் எடுக்கும் முடிவு இந்த மாதிரிதான் இருக்கும்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். “எழுத வேண்டியதை எழுது, இல்லேன்னா விட்டுடு. எல்லாத்தையும் ஏன் மனசுல போட்டுக்கறே?” என்று பேப்பரைப் பிரித்தார்.

தலைவியிடம் போனேன். அவர் வெறும் கட்டத்தைப் பார்த்துப் பதறினார்.

“ஏம்மா இது காலியா இருக்கு? லிஸ்ட் டைப் பண்ணப் போகுதே. அடுத்த வெள்ளிக்கிழமை எழுதறதோட முடிச்சாகணும்.”

“அந்தப் பொண்ணு பேசவே மாட்டேங்கறா மேடம். சரியா சாப்பிடறதும் இல்லை.”

“பாரு! அந்த அளவுக்கு மனசு அடங்கிப் போச்சு. நம்ம மன்றத்துக்குக் கிடைச்ச முதல் வெற்றி அவ. கெடுத்துடாதே.”

தட்டு

அடுத்த வெள்ளிக்கிழமை, கடைசி வாய்ப்பு. பஸ்ஸில் உட்கார்ந்து எழுத வேண்டிய சொல்லை நான்கு முறை மாற்றினேன்.

உள்ளே போனதும் பச்சையம்மா என் காதருகே வந்தாள். “பொய் எயுத வாணாம்மா. நெசமாவே எயுதலாம். நீ கொயந்தையத் தூக்கிகினு அந்தாண்ட நில்லு.”

என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தடுக்க வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

களி போடும் நேரம். எல்லோரும் அலுமினியத் தட்டுகளோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். பச்சையம்மா நேராகப் போய் சுலோசனாவின் எதிரில் குந்தினாள்.

“இன்னாடி மவராணி, வெளிய போறியாமே.”

சுலோசனா தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“போ, போ. உன் நாத்தனாளுக்கு நிம்மதி. கொயந்த அவளத்தான் அம்மாங்குது. பேரக்கூட மாத்தி வெச்சிட்டாளாம்.”

அது அவள் சொந்தக் கற்பனை என்று பிறகுதான் தெரிந்தது. 

“நீயும் உன் தொல்லையும் ஒயிஞ்சா, அந்தக் கொயந்த நல்லாருக்கும். பெத்துப் போட்டா போதுமா? ஒரு பேரு வெச்சி வாயாரக் கூப்ட வக்கில்ல உனுக்கு…”

தட்டு வந்தது எனக்குத் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. பிறகு பச்சையம்மாவின் நெற்றியிலிருந்து களியும் ரத்தமும் ஒன்றாக வழிந்தன.

“தேவிடீ!” சுலோசனா எழுந்து நின்று கத்தினாள். அவள் குரல் அவ்வளவு கனமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. “எம் பொண்ணுக்கு நானு வெச்ச பேரு கீது! தேவி! எவடீ அத்த மாத்தறவ? வரச் சொல்லு அவள! இங்க வரச் சொல்லு!”

அடுத்த தட்டையும் எடுத்து வீசினாள். அது சுவரில் பட்டு உருண்டது. வசந்தி என் தோளில் அலறினாள். வார்டர் அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடி வந்தார். இரண்டு பெண்கள் சுலோசனாவைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்களின் தோளில் முகத்தைப் புதைத்து, வாய்விட்டு, வெட்கமில்லாமல், மூக்கொழுக அழுதாள்.

பச்சையம்மா முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “இன்னா பாத்துகினு நிக்கிற? எயுது டீச்சரம்மா. கோபம்!”

எழுதினேன். வசந்தி தோளில் துள்ளியதால் அந்தச் சொல் கோணலாக விழுந்தது. ஆனால் அந்தப் பதிவேட்டில் நான் சுலோசனாவைப் பற்றி எழுதிய முதல் உண்மை அதுதான்.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வரிசையில் அடுத்த பெயர் பச்சையம்மா. மண்டை உடைந்தும் அவள் திருப்பி அடிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்லவில்லை. பதிவேடு என்றால் உள்ளதை எழுத வேண்டும் என்று படித்தவள் நான். அவள் பெயருக்கு நேரே, முதல்முறையாக, ‘அமைதி’ என்று எழுதினேன்.

பரிசுப் புடவை

விழா நன்றாக நடந்தது. கொடி ஏறியது. இனிப்புக் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினர், அன்பு எத்தகைய கல் மனத்தையும் கரைக்கும் என்பதற்கு மாதர் மன்றமே சாட்சி என்றார். பிறகு, மூன்று முறை தண்டனை பெற்றும், தன்னைத் தாக்கியவளைப் புன்னகையோடு மன்னித்த ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்தார்கள்.

நெற்றியில் பிளாஸ்திரியோடு பச்சையம்மா ஏறினாள். தலைவி அவளுக்கு ஒரு நூல் புடவையையும் விடுதலைச் சீட்டையும் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பச்சையம்மா கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். பயனில்லை. வாசலில் பிடித்துவிட்டாள்.

“இன்னாம்மா இப்டிப் பண்ணி வெச்ச? நானு வெளிய வந்துட்டா அவள யாரு பாத்துக்கறது?”

“நான் உள்ளதைத்தான் எழுதினேன்.”

“உள்ளத எயுதறதுக்கு இதானா நேரம்? இத்தினி நாளு எயுதாதவளுக்கு இன்னிக்கி இன்னா வந்துச்சி?”

அவள் கவலைப்பட்டது போல நடக்கவில்லை. நன்னடத்தைக்காகச் சுலோசனாவுக்குக் கிடைத்திருந்த தண்டனைக் கழிவு நாட்களை வெட்டினார்கள். அதோடு, பிறரைத் தாக்கக்கூடியவள் என்று குறித்து, அவளுக்குப் பக்கத்திலேயே பகலிலும் இரவிலும் ஒரு வார்டரைப் போட்டார்கள். தன்னைத்தானே அழிக்கப் பார்த்தவளாக இருந்தவரை அவளைக் கவனிக்க ஆள் இல்லை. ஒரு தட்டை வீசியதும் ஆள் வந்தாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வசந்தியை இறக்கி, சுலோசனாவின் பக்கம் விட்டேன். பெரிய தியாகம் செய்வதாக எனக்கு நினைப்பு. அவள் வசந்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“உங்க கொயந்த எனுக்கு எதுக்கு டீச்சரம்மா? எங் கொயந்த எங்க?”

வேப்பம்பட்டு

பச்சையம்மாவை வெள்ளானூரில் தேடிப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்ப் பரிசுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். “நாலு பேரு மதிக்கணுமில்ல” என்றாள்.

இரண்டு பேரும் ரயிலில் போனோம். திரும்பி வந்தபோது என்ஜின் புகையில் வசந்தியின் முகமெல்லாம் கரி.

சுலோசனாவின் நாத்தனாரை நான் மனத்தில் ஒரு ராட்சசியாக வளர்த்து வைத்திருந்தேன். வாசலில் வந்து நின்றவள் மெலிந்த பெண். இடுப்பில் தேவி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பிள்ளைகள் மூன்று.

“கெவுருமெண்டுலருந்து வந்துகீறோம்” என்றாள் பச்சையம்மா, முந்தானையை இழுத்துவிட்டு. “தாயிகிட்ட கொயந்தையக் காட்டணும். உத்தரவு.”

நான் மறுக்க வாயெடுத்தேன். என் காலை மிதித்தாள்.

“நானு ஒண்ணும் பறிச்சிகினு குந்திகினு இல்ல” என்றாள் அந்தப் பெண். அவள் கண்கள் கலங்கிவிட்டன. “மூணு என்து. இது நாலு. எனுக்கு மட்டும் ஆசையா? காட்டினா அவ மறுபடி எதுனா பண்ணிகினான்னா? அந்தப் பயிய யாரு சுமக்கறது? அதுக்குப் பயந்துகினுதான் வரல.”

பயம் என்று அவள் சொன்னதும் எனக்கு அவள் மேலிருந்த கோபம் போய்விட்டது. அந்தச் சரக்கு என்னிடமும் நிறைய இருந்தது.

“நீங்களே தூக்கிட்டு வாங்க. உங்க கையிலேயே இருக்கட்டும்” என்றேன்.

அவள் குழந்தைக்கு முகம் துடைத்து, மை வைத்து, வேறு சட்டை போட்டுக் கிளம்பினாள்.

மனு

சிறையில் உறவினரைப் பார்ப்பதற்கு ‘மனு’ என்று பெயர். நடுவில் கம்பி வலை. இந்தப் பக்கம் நாத்தனார், தேவி, பச்சையம்மா, நான், என் இடுப்பில் வசந்தி. அந்தப் பக்கம் கதவு திறந்து சுலோசனா வந்தாள், பின்னாலேயே வார்டர் அம்மாள்.

தேவிக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. ஒரு முறை பார்த்துவிட்டு, அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். நாத்தனார் திருப்பத் திருப்ப, அது முகத்தை மறைத்துக்கொண்டு அழுதது.

நான் வலையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தேன். இதற்காகவா கூட்டி வந்தோம்? நல்லது செய்கிறேன் என்று கிளம்பி, அவளிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிவிட்டேனோ? சுலோசனா அசையாமல் நின்றாள். 

“அண்ணி” என்றாள் சுலோசனா. “பல்லு வந்துச்சா?”

“ரெண்டு. கீய.”

“காட்டு.”

நாத்தனார் குழந்தையின் கீழுதட்டை விரலால் இழுத்தாள். அது இன்னும் பலமாகக் கத்தியது. கத்தியதில் இரண்டு பற்களும் நன்றாகத் தெரிந்தன. சுலோசனா வலையில் மூக்கு அழுந்த நின்று அவற்றைப் பார்த்தாள்.

பிறகு சட்டென்று திரும்பினாள். “வார்டரம்மா, எனுக்கு இன்னும் எத்தினி நாளு கீது?”

சிறையில் எல்லோரும் விடிந்ததும் கேட்கிற கேள்வி அது. அவள் கேட்டு நான் கேட்டதில்லை.

“தட்டை வீசாம ஒழுங்கா இருந்திருந்தா, விழா அன்னிக்கே வீட்டுக்குப் போயிருப்பே” என்றார் வார்டர் அம்மாள். “இன்னும் பதினெட்டு நாள்.”

“பதினெட்டா?” சுலோசனா என் பக்கம் திரும்பினாள். நான்தான் தண்டனை கொடுத்தது போல என் மேல் எரிந்து விழுந்தாள். “பதினெட்டு நாளு எப்டிம்மா இருக்கறது? அதுக்குள்ள மேல்பல்லும் மொளச்சிடுமே!”